விண்வெளி ஆய்வில் தொலைக்காட்சிக் கேமராக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்கலங்கள் அனுப்பிய படங்களைப் பார்க்கும்போது அவற்றை எடுத்த லென்ஸைப் பற்றியே பெரும்பாலும் நினைக்கிறோம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இந்த வரலாற்றில் பொறியாளர்களை அதிகம் திணறவைத்தது, படம் எடுப்பதைக் காட்டிலும் எடுத்த படத்தைப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான். கீழே உள்ள பதில்களில் பலவும் அந்தச் சிக்கலிடமே வந்து நிற்கும்.

படச்சுருள் கேமராவை வைக்காமல் தொலைக்காட்சிக் கேமராவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

படச்சுருளில் பதிவாகும் படம் தொலைக்காட்சிக் குழாய் தரும் படத்தைவிடப் பன்மடங்கு நுணுக்கமானது. ஆனால் அந்தச் சுருளை யாராவது திரும்ப எடுத்து வந்தால்தான் அது பயன்படும். சந்திரனில் மோதி நொறுங்கப்போகும் கலத்திலிருந்தோ, செவ்வாயைக் கடந்து சூரியனைச் சுற்றப் போய்விடும் கலத்திலிருந்தோ எதையும் திரும்பப் பெற முடியாது. ஒளியை உடனே மின் அலையாக மாற்றி வானொலி வழியே அனுப்பக்கூடிய கருவி அங்கே தேவைப்பட்டது.

இரண்டையும் இணைத்த முயற்சிகளும் உண்டு. 1959 அக்டோபர் 7 அன்று சந்திரனின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படம்பிடித்த சோவியத் லூனா 3 கலம் 29 படங்களைப் படச்சுருளில் எடுத்து, கலத்துக்குள்ளேயே அதைக் கழுவி, உலர்த்தி, பின்னர் ஒரு நுண்ணிய ஒளிப்புள்ளியால் வரி வரியாக வருடி அனுப்பியது. எடையின்மையில், ஆளில்லாத ஒரு பெட்டிக்குள், இரசாயனக் கரைசலைக் கொண்டு படம் கழுவியதை இன்று நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது. 1966 முதல் 1967 வரை சந்திரனைச் சுற்றிய அமெரிக்க லூனார் ஆர்பிட்டர் கலங்கள் ஐந்தும் இதே வழியைப் பின்பற்றின. கனமும் சிக்கலும் மிகுந்த இந்த முறை நீண்டகாலப் பயணங்களுக்கு ஏற்றதாக இருக்கவில்லை.

விடிகான் குழாய் எப்படி வேலை செய்தது?

விடிகான் என்பது வெற்றிடமாக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதன் முன்முகத்தின் உட்புறம், ஒளி பட்டால் மின்கடத்துத்திறன் மாறும் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். லென்ஸ் அந்தப் பூச்சின்மீது காட்சியைக் குவிக்கும்போது வெளிச்சம் மிகுந்த இடங்களில் ஒரு விதமாகவும் இருண்ட இடங்களில் வேறு விதமாகவும் மின்னூட்டம் அமைந்து, காட்சி ஒரு மின்னூட்டப் படிவமாகத் தங்குகிறது. பின்னாலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை அந்தப் படிவத்தை வரி வரியாக வருடிச் செல்லும்போது கிடைக்கும் ஏற்ற இறக்கமான மின்னோட்டமே தொலைக்காட்சிச் சமிக்ஞையாகிறது.

விண்வெளிக்கு இது பொருந்தியதற்கு முதன்மையான காரணம், காட்சியைச் சிறிது நேரம் தாங்கி வைத்திருக்கும் அதன் இயல்பு. திரையடைப்பானை ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடிவிட்டு, பதிந்த படிவத்தைப் பல நொடிகள் எடுத்துக்கொண்டு மெதுவாக வருட முடியும். வீட்டுத் தொலைக்காட்சியின் வேகத்தில் படத்தை அனுப்பும் ஆற்றல் இல்லாத ஒரு கலத்துக்கு அந்த மெதுவான வருடல் பெரும் வாய்ப்பு.

குறைகளும் இருந்தன. முந்தைய படத்தின் சுவடு முழுமையாக அழியாமல் அடுத்த படத்தில் மங்கலாகத் தெரியும் என்பதால், இரு படங்களுக்கு நடுவே குழாயை விளக்கொளியில் நனைத்து அழிக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரான் கற்றை சற்று வளைந்து போவதால் படத்தின் வடிவமும் சிதையும். அதைத் திருத்துவதற்காகவே குழாயின் முகப்பில் துல்லியமாக அளந்த இடங்களில் கரும்புள்ளிகளைப் பொறித்தார்கள். வாயேஜர் அனுப்பிய திருத்தப்படாத படங்களில் ஒழுங்கான வரிசைகளில் காணப்படும் கரும்புள்ளிகள் இவைதாம்.

விண்வெளியிலிருந்து வந்த முதல் தொலைக்காட்சிப் படங்கள் எவை?

பயனுள்ள அளவில் தொடர்ந்து படம் அனுப்பிய முதல் கலம் என்று 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ் 1 ஐச் சொல்லலாம். அகன்ற பார்வைக்கு ஒன்றும் குறுகிய பார்வைக்கு ஒன்றுமாக இரண்டு விடிகான் கேமராக்கள் அதில் இருந்தன. தரை நிலையத்தின் பார்வையில் இல்லாத நேரத்தில் எடுத்த படங்களைக் காந்த நாடாவில் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பியது. 78 நாட்களே இயங்கினாலும் ஏறத்தாழ 23,000 படங்களைத் தந்தது. மேகக் கூட்டங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அளவில் சுருண்டு ஒழுங்கமைவதை வானிலையாளர்கள் அதன் படங்களில்தான் தொடர்ச்சியாகப் பார்த்தார்கள்.

உயிரினங்களைக் காட்டிய முதல் விண்வெளித் தொலைக்காட்சி அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. பெல்கா, ஸ்ட்ரெல்கா என்னும் இரு நாய்களைச் சுமந்துசென்ற சோவியத் கலத்தின் கேமராக்கள், நான்காவது சுற்றில் பெல்கா தவித்து வாந்தியெடுத்ததைக் காட்டின. முதல் மனிதப் பயணத்தை ஒரே சுற்றோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்துக்கு அந்தக் காட்சி வலுச்சேர்த்தது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் சென்ற கலத்திலும் அதே வகைத் தொலைக்காட்சி இருந்தது. நொடிக்கு 10 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்), சட்டகத்துக்கு 100 வரிகள் என்ற அளவில் முகத்தின் அசைவைப் புரிந்துகொள்ளலாமே தவிர அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. மருத்துவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சந்திரனில் மோதுவதற்கென்றே கேமராக்களை அனுப்பியது ஏன்?

மெதுவாகத் தரையிறங்கும் நுட்பம் அப்போது கைவரவில்லை. மோதும் வரை படமெடுத்து அந்த நொடியே அனுப்பிக்கொண்டிருந்தால், பூமியிலிருந்து எந்தத் தொலைநோக்கியும் காட்ட முடியாத நுணுக்கங்கள் கிடைக்கும் என்பதே ரேஞ்சர் திட்டத்தின் கணக்கு. முதல் ஐந்து கலங்கள் வெவ்வேறு காரணங்களால் தோற்றன. 1964 ஜனவரி இறுதியில் புறப்பட்ட ரேஞ்சர் 6 சந்திரனில் குறித்த இடத்துக்கு அருகிலேயே மோதியது, ஆனால் ஒரு படம்கூட வரவில்லை. ஏவுதலின்போதே அதன் தொலைக்காட்சி அமைப்பு தவறுதலாக மின்னூட்டம் பெற்று எரிந்துபோயிருந்தது என்று பின்னர் கண்டறிந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 31 அன்று ரேஞ்சர் 7 ஆறு கேமராக்களுடன் இறங்கி, இறுதிப் பதினேழு நிமிடங்களில் 4,300 க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. கடைசிப் படம் பாதி வந்துகொண்டிருந்தபோதே கலம் நொறுங்கியதால், படத்தின் எஞ்சிய பகுதி வெறும் இரைச்சலாகவே பதிவாகியிருக்கிறது. 1965 மார்ச்சில் ரேஞ்சர் 9 அல்போன்சஸ் பள்ளத்தில் விழுந்ததை அமெரிக்க மக்கள் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் நேரடியாகவே பார்த்தார்கள்.

சந்திரனின் தரை கலங்களை விழுங்கிவிடும் அளவுக்கு ஆழமான தூசியாக இருக்குமோ என்ற ஐயத்தை இந்தப் படங்களால் முழுமையாகத் தீர்க்க முடியவில்லை. 1966 ஜூன் 2 அன்று மெதுவாகத் தரையிறங்கிய சர்வேயர் 1, தன் காலடி மண்ணில் எவ்வளவு குறைவாகப் புதைந்திருந்தது என்பதைத் தன் கேமராவாலேயே காட்டியது. அதற்கு நான்கு மாதங்கள் முன்பே சோவியத் லூனா 9 இறங்கியிருந்ததும் இதே முடிவையே தந்திருந்தது.

லூனா 9 அனுப்பிய படங்கள் பிரிட்டனில் முதலில் வெளியானது உண்மையா?

உண்மைதான். 1966 பிப்ரவரி 3 அன்று இறங்கிய லூனா 9 இல் விடிகான் குழாய் கிடையாது. மேலும் கீழும் அசையும் ஒரு சிறு கண்ணாடி, ஒரு நேரத்தில் ஒரு புள்ளியின் ஒளியை மட்டும் உணரியிடம் கொண்டுசேர்க்க, முழு அமைப்பும் மெல்லச் சுழன்று சுற்றுப்புறக் காட்சியைக் கட்டியெழுப்பியது. ஜாட்ரெல் பேங்க் வானொலித் தொலைநோக்கியில் அந்தச் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், செய்தித்தாள்கள் படம் அனுப்பப் பயன்படுத்தும் தொலைநகல் ஒலியைப் போலவே அது இருப்பதை உணர்ந்து, டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழிடமிருந்து அதற்கான கருவியை வரவழைத்து இணைத்தார்கள். சந்திரத் தரை தாளில் பதிவாகி வந்தது. நீள அகல விகிதம் தெரியாததால் வெளியான படத்தில் கற்களின் வடிவம் சற்றுப் பிழையாக இருந்தது.

செவ்வாயின் முதல் படம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆயிற்று?

ஒரு படத்துக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் விண்வெளித் தொலைக்காட்சியின் பெரும்பகுதி புரிந்துவிடும் என்று கருதுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மாரினர் 4 கலத்தில் ஒரே ஒரு விடிகான் கேமரா இருந்தது. ஒவ்வொரு படமும் 200 வரிகள், வரிக்கு 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 64 படிநிலைகளில் ஒன்றாக 6 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட எண்ணால் குறிக்கப்பட்டது. ஆக ஒரு படத்துக்கு 2,40,000 பிட்கள். இன்று கைப்பேசியில் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால் மிகமிகச் சிறிய அளவுதான். ஆனால் கலம் 20 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அதன் டிரான்ஸ்மிட்டரின் திறன் ஏறத்தாழ 10 வாட். வானொலி அலையின் வலிமை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், பூமியின் பெரிய ஆன்டெனாக்களை அடையும்போது இரைச்சலிலிருந்து பிரித்தறியவே முடியாத அளவுக்கு அது தேய்ந்துவிடும். ஒவ்வொரு பிட்டையும் போதிய நேரம் நீட்டி அனுப்பினால்தான் பிழையில்லாமல் படிக்கலாம் என்பதால் நொடிக்கு எட்டேகால் பிட்டுக்குச் சற்று மேல் என்ற வேகமே கட்டுப்படியாயிற்று. 2,40,000 ஐ அதனால் வகுத்தால் 8 மணி நேரம் கிடைக்கும்.

1965 ஜூலை 14 இரவும் 15 அதிகாலையுமாகச் செவ்வாயைக் கடந்த கலம், அருகில் இருந்த அந்தக் குறுகிய நேரத்துக்குள் படங்களை எடுத்துக் காந்த நாடாவில் பதிந்துகொண்டது. 21 முழுப் படங்களும் 22 ஆவதன் சில வரிகளும் அதில் அடங்கின. அவற்றைப் பூமிக்கு அனுப்பி முடிப்பதற்குள் ஆகஸ்டு பிறந்துவிட்டது. முதல் படத்தின் எண்கள் வரத்தொடங்கியபோது கணினி அதைப் படமாக மாற்றித் தரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், ஜெட் உந்துவிசை ஆய்வகத்துப் பொறியாளர்கள் எண்கள் அச்சான தாள் பட்டைகளைச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கேற்ற வண்ணக்குச்சியால் கையாலேயே தீட்டினார்கள். வேற்றுக் கோளை அருகிலிருந்து எடுத்த முதல் தொலைக்காட்சிப் படத்தின் முதல் பிரதி அந்தக் கைவேலைதான். கால்வாய்களும் தாவரமும் இருக்கலாம் என்று ஒரு தலைமுறை நம்பிய செவ்வாயில், அந்தப் படங்கள் காட்டியவை சந்திரனில் உள்ளவற்றைப் போன்ற பள்ளங்கள்.

அப்பல்லோ 11 காட்சிகள் ஏன் அவ்வளவு மங்கலாக, பேய்நிழல் போல இருக்கின்றன?

இந்தக் கேள்வியே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படுகிறது. சந்திரனில் இயங்கிய கேமரா மங்கலானதாக இருக்கவில்லை. வழியில்தான் படம் கெட்டது.

இறங்குகலத்திலிருந்து குரல், விண்வெளி வீரர்களின் உடல்நிலைத் தரவுகள், கலத்தின் அளவீடுகள், தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் ஒரே வானொலிப் பாதையில் வந்தாக வேண்டும். அதில் தொலைக்காட்சிக்கு ஒதுக்க முடிந்தது ஏறத்தாழ 500 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்க வீட்டுத் தொலைக்காட்சி நொடிக்கு 30 சட்டகங்கள், 525 வரிகள் என்ற முறையில் 4 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் கேட்கும். ஆகவே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஸ்டான் லெபார் தலைமையிலான குழு நொடிக்கு 10 சட்டகங்கள், 320 வரிகள் என்ற தனி முறையில் இயங்கும் கருப்பு வெள்ளைக் கேமராவை உருவாக்கியது. எடை ஏறத்தாழ 3.3 கிலோ, மின்தேவை 7 வாட். குறைந்த வெளிச்சத்திலும் பார்க்கக்கூடிய, இராணுவப் பயன்பாட்டிலிருந்து வந்த சிறப்புக் குழாயை அதில் பொருத்தியிருந்தார்கள். நீல் ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கும்போது ஒரு வளையத்தை இழுத்ததும், கலத்தின் பக்கவாட்டுப் பலகை விரிந்து, அதில் தலைகீழாகப் பொருத்தியிருந்த கேமரா ஏணியை நோக்கியது.

பத்துச் சட்டகப் படத்தை எந்த வீட்டுத் தொலைக்காட்சியும் ஏற்காது. எனவே தரை நிலையங்களில் அதை மாற்ற வேண்டியிருந்தது. வந்த படத்தை ஒரு சிறப்புத் திரையில் காட்டி, அந்தத் திரையை ஒரு சாதாரணத் தொலைக்காட்சிக் கேமரா மீண்டும் படமெடுக்க, ஒவ்வொரு சட்டகத்தையும் ஒரு காந்தத் தட்டு திரும்பத் திரும்ப ஓட்டி எண்ணிக்கையை நிரப்பியது. திரையிலிருந்து மறுபடி படமெடுக்கும்போதே கூர்மையும் ஒளி வேறுபாடும் குறைந்துவிட்டன. பிறகு செயற்கைக்கோள், நுண்ணலைக் கோபுரங்கள், தரைக் கம்பிகள் என்று கட்டுப்பாட்டு மையம் இருந்த ஹூஸ்டன் வரை கடந்த ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் சிறிது இழப்பு. உருவங்களுக்குப் பின்னால் நிழல் இழுபட்டதற்குக் குழாயின் மெதுவான வருடல் காரணம்.

மூன்று நிலையங்களில் சமிக்ஞை கிடைத்தது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலிருந்து வந்த படம் முதலில் தலைகீழாகவும், அதைச் சரிசெய்த பின் கடும் கருமையும் வெண்மையுமாகவும் இருந்தது. ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்த காட்சியை உலகுக்குத் தந்தது ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக். சில நிமிடங்களில் சந்திரன் போதிய உயரத்துக்கு ஏறியதும், 64 மீட்டர் விட்டமுள்ள பார்க்ஸ் தொலைநோக்கியின் படம் எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்ததால், எஞ்சிய இரண்டு மணி நேரத்துக்கும் மேலான ஒளிபரப்புக்கு அதையே வைத்துக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று அந்தப் பெரும் கிண்ணத்தை உலுக்கியிருந்தது. பாதுகாப்பு வரம்பை மீறியும் அதை இயக்கிய அந்தப் பணியாளர்களுக்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம்.

மாற்றப்படாத அந்த மூல ஒளிப்பதிவு எங்கே?

தரை நிலையங்களில் மூலச் சமிக்ஞை, மற்ற தரவுகளோடு சேர்த்துக் காந்த நாடாக்களில் பதிவு செய்யப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் தேடிய பின், நாடாத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் அவை பெரும்பாலும் அழிக்கப்பட்டு வேறு செயற்கைக்கோள்களின் தரவுகளைப் பதிய மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவை நாசா 2009 இல் வெளியிட்டது. பேரிழப்புதான். ஆயினும் ஒளிபரப்பின் சிறந்த பிரதிகள் தொலைக்காட்சி நிறுவனங்களின் காப்பகங்களில் கிடைத்தன. அவற்றைக் கொண்டு சீரமைத்த பதிப்பே இன்று பரவலாகக் காணக்கிடைப்பது. நிகழ்வே நடக்கவில்லை என்று வாதிடுவோர் இந்த இழப்பைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. நேரடி ஒளிபரப்பின் பதிவுகளும், படச்சுருளில் எடுத்த நிழற்படங்களும் முழுமையாக இருக்கின்றன.

சந்திரனிலிருந்து வண்ணத் தொலைக்காட்சி எப்போது வந்தது?

விண்கலத்திலிருந்து வண்ணப் படம் 1969 மேயில் அப்பல்லோ 10 இலிருந்தே வந்துவிட்டது. மூன்று குழாய்கள் கொண்ட வண்ணக் கேமரா மிகப் பெரிது என்பதால், ஒரே குழாயின் முன்னால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் பொருத்திய சக்கரத்தைச் சுழலவிட்டு, அடுத்தடுத்து வந்த மூன்று நிறப் படங்களையும் பூமியில் ஒன்றாக்கினார்கள். வீரர்கள் வேகமாக நகரும்போது அவர்களைச் சுற்றி நிற ஓரங்கள் தெரிவது இதனால்தான்.

சந்திரத் தரையில் வண்ணக் கேமரா முதலில் இறங்கியது 1969 நவம்பரில், அப்பல்லோ 12 உடன். அதை இடம் மாற்றும்போது விண்வெளி வீரர் ஆலன் பீன் தவறுதலாகச் சூரியனை நோக்கித் திருப்பிவிட, குழாயின் பூச்சு கருகியது. ஒளிபரப்பு அத்துடன் முடிந்தது.

சந்திரனிலிருந்து கடைசிக் கலம் புறப்பட்டதைப் படமெடுத்தவர் யார்?

ஹூஸ்டனில் அமர்ந்திருந்த எட் ஃபெண்டல். அப்பல்லோ 15 முதல் சந்திர ஊர்தியில் பொருத்தப்பட்ட வண்ணக் கேமராவைப் பூமியிலிருந்தே திருப்பவும், உயர்த்தவும், அருகில் இழுத்துப் பார்க்கவும் முடிந்தது. கட்டளை சந்திரனை அடைய ஒன்றேகால் நொடிக்கு மேல் ஆகும். அதன் விளைவைப் படமாகப் பார்க்க இன்னும் அவ்வளவு நேரம். எழும்பும் கலத்தைக் கண்ணால் பார்த்துத் தொடர்வதற்கு வாய்ப்பே இல்லை. அப்பல்லோ 15 இல் கேமராவின் மேல்நோக்கும் அமைப்பு பழுதானது; அப்பல்லோ 16 இலும் கலம் சரியாகச் சட்டகத்துக்குள் நிற்கவில்லை. 1972 டிசம்பர் 14 அன்று அப்பல்லோ 17 புறப்பட்டபோது, ஃபெண்டல் திரையைப் பார்க்காமல், முன்கூட்டியே கணக்கிட்ட நேரங்களில் கட்டளைகளை அனுப்பினார். கலம் மேலேற, கேமராவும் அதனோடு நிமிர்ந்தது. படத்தைப் பார்த்து வேலை செய்யும் கலைஞர் படத்தைப் பாராமலே செய்த இந்த ஒளிப்பதிவு என் மதிப்பில் இந்த வரலாற்றின் மிகச் சிறந்த காட்சி.

தொலைக்காட்சியைப் பார்த்தே ஊர்தியை ஓட்ட முடிந்ததா?

முடிந்தது, ஆனால் மிகுந்த சிரமத்தோடு. 1970 நவம்பரில் சந்திரனில் இறங்கிய லூனகோட் 1 ஊர்தியைக் கிரிமியாவில் இருந்த ஐவர் குழு ஓட்டியது. அவர்களுக்கு நகரும் படம் கிடைக்கவில்லை. சில நொடிகள் முதல் இருபது நொடிகள் வரையான இடைவெளியில் ஒவ்வொன்றாக நிலைப்படங்கள் வந்தன. முன்னால் பள்ளம் தெரியும்போது ஊர்தி அதை ஏற்கெனவே நெருங்கியிருக்கும். சூரியன் நேர்மேலே இருந்தால் நிழல்களே இல்லாமல் மேடு பள்ளம் புலப்படாது. கேமரா தாழ்வாக இருந்தது ஓட்டுநர்களின் முக்கியக் குறையாக இருந்ததால், 1973 இல் சென்ற லூனகோட் 2 இல் ஓட்டுவதற்கான ஒரு கேமராவை உயர்த்தி வைத்தார்கள். முதல் ஊர்தி பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருக்க, இரண்டாவது ஏறத்தாழ 39 கிலோமீட்டர் ஓடியது.

வெள்ளிக் கோளின் வெப்பத்தில் கேமரா எப்படித் தாக்குப்பிடித்தது?

ஈயத்தை உருக்கும் வெப்பமும், பூமியைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு காற்றழுத்தமும் உள்ள இடம் அது. கேமராவை வெளியே வைப்பதற்கே வழியில்லாததால், குளிரூட்டி இறுக மூடிய கோளத்துக்குள் அதை வைத்து, தடித்த குவார்ட்ஸ் சாளரமும் கண்ணாடிகளும் கொண்ட குழாய் வழியே வெளியே பார்க்கச் செய்தார்கள். 1975 அக்டோபர் 22 அன்று வெனீரா 9 இவ்வாறு வேற்றுக் கோளின் தரையிலிருந்து முதல் படத்தை அனுப்பியது. இரண்டு கேமராக்களில் ஒன்றின் மூடி கழன்று விழவில்லை. மூன்று நாள் கழித்து இறங்கிய வெனீரா 10 இலும் அதே கதை. 1982 மார்ச் 1 அன்று இறங்கிய வெனீரா 13 இன் கேமராக்கள் வண்ணத்திலும் படமெடுத்தன. அந்தக் கலம் 127 நிமிடங்கள் இயங்கியது.

சந்திரப் படங்களில் விண்மீன்கள் ஏன் தெரிவதில்லை?

வெயிலில் பளிச்சிடும் தரைக்கும் வெள்ளை விண்வெளி உடைக்கும் ஏற்றபடி ஒளியளவை அமைத்தால், விண்மீன்களின் மெல்லிய ஒளி பதிவாகாது. விண்மீன்கள் பதிய வேண்டுமென்றால் தரை முழுதும் வெளுத்துவிடும்.

இவ்வாறு விண்மீன்களுக்காக ஒளியைக் கூட்டி எடுத்த ஒரு படம் பெரிய கண்டுபிடிப்புக்கும் வழிவகுத்தது. 1979 மார்ச்சில், வழிசெலுத்தலுக்காக வாயேஜர் 1 எடுத்த படத்தில் வியாழனின் துணைக்கோளான ஐயோவின் விளிம்பில் குடை போன்ற மங்கலான ஒளியை வழிசெலுத்தல் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ கவனித்தார். பூமிக்கு வெளியே இயங்கும் எரிமலை ஒன்றை மனிதர்கள் முதன்முதலாகக் கண்டது அதில்தான்.

செவ்வாய்ப் படங்களின் நிறங்கள் உண்மையானவையா?

விண்வெளிக் கேமராக்களில் பல, அடிப்படையில் வெளிச்சத்தின் அளவை மட்டுமே பதிகின்றன. வடிகட்டிகள் வழியே தனித்தனியாக எடுத்த படங்களை இணைக்கும்போதுதான் நிறம் உருவாகிறது. எந்த நிறத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதைக் கலத்திலேயே பொருத்தியுள்ள அளவுகோல் வண்ணப் பட்டையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். 1976 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1 இன் முதல் வண்ணப் படம் அவசரமாக வெளியிடப்பட்டபோது செவ்வாயின் வானம் நீலமாக இருந்தது. பட்டையை வைத்துச் சரிபார்த்த பின், காற்றில் மிதக்கும் தூசியால் வானம் வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பது தெரியவந்தது.

நெப்டியூனிலிருந்து வாயேஜர் 2 எப்படித் தெளிவான படங்களை அனுப்பியது?

வாயேஜரில் இருந்தவையும் விடிகான் குழாய்களே. 800 வரிகள், வரிக்கு 800 புள்ளிகள். நெப்டியூனில் சூரிய ஒளி பூமியில் இருப்பதில் ஏறத்தாழ தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் என்பதால், பல நொடிகள் திரையடைப்பானைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அந்நேரத்தில் கலம் விரைந்து நகர்வதால் படம் இழுபட்டுவிடாதபடி, கலம் முழுவதையுமே இலக்குக்கு ஏற்ப மெல்லத் திருப்பினார்கள். இந்த உத்தி 1977 இல் கலம் புறப்பட்டபோது திட்டத்தில் இல்லை. பின்னர் பூமியிலிருந்து மென்பொருளாக அனுப்பி ஏற்றியது. பூமியில் பல ஆன்டெனாக்களை இணைத்து, 1989 இல் நியூ மெக்சிகோவின் 27 கிண்ணங்கள் கொண்ட வானொலி நோக்கியகத்தையும் சேர்த்துக்கொண்டு தேய்ந்த சமிக்ஞையைப் பிடித்தார்கள். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 அறுநூறு கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்து 60 படங்களை எடுத்தது. அவற்றுள் ஒன்றில் பூமி ஒரு பிக்சலைவிடச் சிறிய புள்ளியாகத் தெரிகிறது. அதன்பின் மின்சாரத்தையும் கணினி நினைவகத்தையும் மிச்சப்படுத்தக் கேமராக்கள் அணைக்கப்பட்டன.

குழாய்க் கேமராக்கள் எப்போது மறைந்தன?

1969 இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்த சிசிடி எனும் சிலிக்கான் உணரி, 1980களில் விண்கலங்களுக்கு வந்தது. எலக்ட்ரான் கற்றை தேவையில்லை. வடிவச் சிதைவு இல்லை. ஒளியுணர்வும் மிக அதிகம். வியாழனை நோக்கி 1989 இல் ஏவப்பட்ட கலிலியோ கலம் அதைச் சுமந்து சென்றது.

ஆனால் 1991 இல் கலிலியோவின் பெரிய ஆன்டெனா குடையைப் போல் விரிய வேண்டியது சிக்கிக்கொண்டது. நொடிக்கு 1,34,000 பிட் என்று வடிவமைத்த பாதைக்குப் பதிலாக, சிறு ஆன்டெனா வழியே நொடிக்குப் பத்துச் சொச்சம் பிட்கள் மட்டுமே வரும் என்ற நிலை, அதாவது ஏறத்தாழ மாரினர் 4 இன் வேகம். படச்சுருக்க மென்பொருளை வழியிலேயே ஏற்றி, பூமியில் ஆன்டெனாக்களை இணைத்து, அதை 160 பிட் வரை உயர்த்தினார்கள். வியாழன் மண்டலத்தைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் பல அந்த மெல்லிய இழை வழியே வந்தவை.

1990களில் எரிக் ஃபாசம் தலைமையில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் உருவான சிமாஸ் உணரி, விண்கலங்களுக்கென்று சிறிதாகவும் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதாகவும் வடிவமைக்கப்பட்டது. இன்றைய கைப்பேசிக் கேமராக்கள் அந்த வழியில் வந்தவை.

கேமராக்கள் மனிதர் பார்ப்பதற்கு மட்டும்தானா?

இப்போது பல கேமராக்களின் படத்தை முதலில் பார்ப்பது கலத்தின் கணினியே. 2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கும்போது, கீழ்நோக்கிய கேமராவின் படங்களை நினைவகத்தில் உள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தன் இடத்தைத் தானே கண்டறிந்து பாதுகாப்பான நிலத்தைத் தேர்ந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான் 3 இன் விக்ரம் இறங்குகலமும் பாறைகளையும் பள்ளங்களையும் கண்டு விலகுவதற்கான கேமராவைக் கொண்டிருந்தது. 2022 செப்டம்பர் 26 அன்று டிமார்ஃபோஸ் எனும் சிறுகோளில் வேண்டுமென்றே மோதிய டார்ட் கலம், தன் ஒரே கேமராவைக் கொண்டு வழியறிந்து, நொடிக்கொரு படமாக அனுப்பிக்கொண்டே சென்றது. ரேஞ்சர் 7 ஐப் போலவே அதன் கடைசிப் படமும் பாதியில் நிற்கிறது.

செவ்வாயிலிருந்து நேரடிக் காணொளி ஏன் இன்னும் வருவதில்லை?

பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தொலைவு ஐந்தரைக் கோடி கிலோமீட்டருக்கும் நாற்பது கோடி கிலோமீட்டருக்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒளிக்கே 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும் என்பதால் அந்தத் தாமதத்தை எந்த நுட்பமும் நீக்க முடியாது. தாமதித்தாவது தொடர்ச்சியான காணொளி வரலாமே என்றால், வானொலிப் பாதையின் கொள்ளளவு தடுக்கிறது. பெர்சிவரன்ஸ் இறங்கிய காட்சி உலகுக்குக் கிடைக்க நான்கு நாட்கள் ஆயின. கலத்தில் பதிந்த காணொளியைச் செவ்வாயைச் சுற்றும் கலங்கள் வழியே சிறிது சிறிதாக இறக்க வேண்டியிருந்தது.

வானொலிக்குப் பதில் அகச்சிவப்பு லேசரைப் பயன்படுத்தும் வழி இப்போது சோதிக்கப்பட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 11 அன்று சைக்கி கலம் 3.1 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து 15 நொடிக் காணொளி ஒன்றை, ஒரு பூனை லேசர் புள்ளியைத் துரத்தும் காட்சியை, மிகு உயர்தெளிவில் நொடிக்கு 26.7 கோடி பிட் வேகத்தில் அனுப்பியது. அது பூமியை அடைய 101 நொடிகள் ஆயின. கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் உள்ள 5 மீட்டர் தொலைநோக்கி அதைப் பெற்றது. லேசர் கற்றை மிகக் குறுகியது என்பதால் கலம் பூமியை மிகத் துல்லியமாகக் குறிவைக்க வேண்டும். பெறும் இடத்தில் மேகம் மூடினால் தொடர்பு அறுந்துவிடும். வெவ்வேறு வானிலை உள்ள பல இடங்களில் பெறும் தொலைநோக்கிகளை அமைத்தால் மட்டுமே செவ்வாய்க்கான தொடர் காணொளிப் பாதையாக இதை நம்ப முடியும்.